நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் ஒரு பாட்டு

நீதிமன்றத்தில் வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவருடைய வேலை. இருபத்தொன்பது வருஷம், ஒரே கட்டடம், ஒரே வராந்தா. கதவுக்கு வெளியே வந்து நின்று, வயிற்றை ஒருமுறை உள்ளே இழுத்து, ஒரு பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். முதல் தரம் வராந்தா பெஞ்சில் இருப்பவர்களுக்கு. இரண்டாவது, கீழே வக்கீலோடு தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவர்களுக்கு. மூன்றாவது தரம் சாலையைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போகும். குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேட்டியோ பேண்ட்டோ தடுக்க ஓடி வந்தவர்கள் எத்தனையோ பேர். அவருக்கு 'மூணுதரம்' என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. நீதிபதிகள் மாறினார்கள், அந்தப் பெயர் மாறவில்லை.

பழக்கதோஷம் வீட்டிலும் விடாது. குளியலறையிலிருந்து "துண்டு! துண்டு! துண்டு!" என்று சத்தம் வரும்.

"முதல் தடவையிலயே காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. மிச்சம் ரெண்டை நாளைக்கு வெச்சுக்கங்க" என்பார் மனைவி, தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே.

ஐம்பத்தேழாவது வயதில் அவருடைய கையெழுத்து சுருங்க ஆரம்பித்தது. வரியின் தொடக்கத்தில் மிளகு அளவில் இருக்கும் எழுத்து, முடிவில் கடுகாகிவிடும். நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் தானாக எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது. இதையெல்லாம் வயசு என்று தள்ளிவிட்டார். குரல் போய்க்கொண்டிருப்பது மட்டும் அவருக்குத் தெரியவே இல்லை.

தெரிந்தது மனைவிக்குத்தான். "என்ன சொன்னீங்க?" என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்டார்.

"உனக்குத்தான் காது போச்சு. மெஷின் சத்தத்துலயே உக்காந்திருந்தா வேற என்ன ஆகும்? போய் டாக்டர்கிட்டக் காட்டு" என்றார் மூணுதரம்.

மனைவியும் ரோஷத்தோடு போனார். காதுப் பரிசோதனை செய்துகொண்டு, அறிக்கையை அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். "பாருங்க. இருபது வயசுப் பொண்ணு காது மாதிரி இருக்காம். டாக்டரே சொன்னாரு."

அவர் அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, காது பார்க்கிற மெஷின் பழுதாக இருக்கும் என்றார்.

அப்புறம்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு. தாயின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. உள்ளே போய் "ஆள் இல்லைங்க" என்றார். வழக்கு தள்ளுபடியானது. ஒரு மணி நேரம் கழித்து, வராந்தா பெஞ்சின் கடைசியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவரிடம் வந்தார். பதினைந்து அடி தூரம்கூட இருக்காது அந்த பெஞ்ச். "ஐயா, என் பேரை எப்பங்க கூப்பிடுவீங்க?" என்று கேட்டு, தன் பெயரைச் சொன்னார்.

ஆள் இல்லை என்று சொன்ன அதே பெயர். மூணுதரம் நேராக உள்ளே போனார். நடந்துகொண்டிருந்த விசாரணைக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐயா, தப்பு என்னோடது. அந்தம்மா காலையிலேருந்து இங்கதான் இருக்காங்க. நான் கூப்பிட்டேன். சத்தம்தான் வரல" என்றார். அதைச் சொன்னபோதும் நீதிபதி முன்னால் குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தாய் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் மூணுதரம் மறுநாளே, ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கும்போதே, விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தையும் கண்ணாடி போட்டுத்தான் படித்தார்கள்.

நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார். "உங்க குரல் உங்களுக்கு மட்டும் சரியாத்தான் கேக்கும். அடுத்தவங்களுக்குத்தான் கிசுகிசுன்னு கேக்கும். இந்த நோயோட குசும்பு அது."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையே பெரிய தண்டனையாக இருந்தது.

அதற்குப் பிறகு மனிதர் பேசுவதையே நிறுத்திவிட்டார். மகள் போன் செய்தால், காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். "போன்ல தலையாட்டினா அவளுக்கு எப்படிங்க தெரியும்?" என்று மனைவி பிடுங்கிக்கொள்வார். வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பசை போட்டது மாதிரி. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் அங்கேயே நிற்பார். அதனால் வெளியே போவதும் நின்றது.

மருந்து வாங்கப் போன இடத்தில் மனைவி ஓர் அறிவிப்பைப் பார்த்தார். பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக் கூட்டுப்பாட்டு, ஒவ்வொரு செவ்வாயும், ஆஸ்பத்திரி இரண்டாவது மாடி.

"பாட்டா? நானா? குளிக்கும்போதுகூட பாடினதில்ல."

"துண்டு கேட்டதே பாட்டு மாதிரிதான் இருந்துச்சு. கிளம்புங்க."

உடற்பயிற்சி அறை அது. சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், ஒரு பழைய சைக்கிள் இயந்திரம், வட்டமாகப் போட்ட எட்டு நாற்காலிகள். நடத்தியவர் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண். எல்லோரும் 'பாட்டு டாக்டர்' என்றார்கள். அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "பாட்டு நோயைக் குணப்படுத்தாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் சொன்னதா யாரும் வீட்ல போய்ச் சொல்லிடாதீங்க. இது தொண்டைக்கும் நெஞ்சுக்கும் வேலை குடுக்கறது. அப்புறம், மனசுக்கு."

மூச்சை இழுத்து 'ஆ' என்று எவ்வளவு நேரம் நிறுத்த முடிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். மூணுதரத்துக்கு ஆறு விநாடி. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்குப் பதினொன்று. மூணுதரத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகு எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். தபால்காரரே கட்டிய பாட்டு. முப்பது வருஷம் நடந்தே பிழைத்த மனிதர், நடக்க முடியாமல் போனதும் காலைப் பார்த்துப் பாடியது.

"காலே காலே எழுந்திரு,
கதவு திறந்து கிடக்குது.
நின்ன இடம் போதும் போதும்,
நீட்டி ஒண்ணு வெச்சுப் பாரு!"

முதல் இரண்டு சுற்று வாயை மட்டும் அசைத்தார். மூன்றாவது சுற்றில் எதிரே இருந்த மேஸ்திரி, கொத்து வேலை செய்து காப்புக் காய்த்த கையால் தொடையில் தாளம் போட்டார். அந்தத் தட்டு இவர் நெஞ்சுக்குள் விழுந்தது. 'நீட்டி' என்ற இடத்தில் என்னவோ திறந்துகொண்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி மேலே வந்து, வாயைத் தாண்டி, சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. யாருடைய குரல் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வராந்தாவில் காத்திருந்த மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார். "என்னங்க, நீங்களா?"

"நான்தான்!" என்றார் மூணுதரம். பேச்சு பழையபடி கிசுகிசுப்பாகத்தான் வந்தது. ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்குப் பேருந்தில் வீடு வரைக்கும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்; முன் இருக்கையில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தார். ஆறு விநாடி ஒன்பதாயிற்று, பதிமூன்றாயிற்று. வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டால் 'காலே காலே' என்று மெல்ல ஆரம்பிப்பார். நாலு தடவையில் மூன்று தடவை கால் கேட்கும். கேட்காத அன்றைக்கு அதைத் திட்டுவார், அதுவும் ராகத்தோடு. கூட்டத்தில் எட்டுப் பேருக்கும் எட்டு விதமான நடுக்கம். கணக்கு டீச்சர் ஒருவர். நோயில் இறுகிப்போன அவருடைய முகம் சிரிப்பைக் காட்டாது, அதனால் அவர் அடிக்கும் நக்கல் எல்லாம் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் மற்றவர்களுக்கு உறைக்கும். "நம்ம எட்டுப் பேர் கையையும் ஒண்ணாச் சேர்த்தா ஒரு ஊருக்கே மாவு சலிக்கலாம்" என்று அவர் சொன்ன அன்று மேஸ்திரி நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார்.

ஏழாவது மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. புதிதாக நோய் இருப்பது தெரிந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஆறாவது மாடி அரங்கில் கூடுகிறார்கள். அவர்கள் முன்னால் இந்த எட்டுப் பேரும் மூன்று பாட்டுப் பாட வேண்டும். மூணுதரம் இஸ்திரி போட்ட சட்டையை இரண்டு தடவை மாற்றினார். பாட்டு டாக்டரும் எட்டுப் பேருடைய வீட்டாரும் நாற்காலி போட முன்கூட்டியே மேலே போய்விட்டார்கள். "நீங்க எட்டுப் பேரும் நிதானமா லிஃப்ட்ல வாங்க" என்றார்கள்.

நிதானமாகத்தான் ஏறினார்கள். லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டியது. ஒரு உலுக்கு. விளக்கு அணைந்தது. மூலையில் சின்ன விளக்கு ஒன்று மட்டும் மஞ்சளாக எரிந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது.

மேஸ்திரி மணிப் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. இன்னொரு தடவை குத்தினார். பொத்தான் உள்ளே போய் அங்கேயே நின்றது. கைபேசிகளை எடுத்தார்கள், இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. ஐந்தாவது மாடியில் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். துளைபோடும் இயந்திரம் பல்லைக் கூசவைக்கும்படி இரைந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார் மேஸ்திரி. அது பக்கத்தில் இருந்த டீச்சரைக்கூடத் திடுக்கிட வைக்கவில்லை. ஒவ்வொருவராகக் கத்திப் பார்த்தார்கள். கொசு பறந்த மாதிரி இருந்தது. கடைசியில் எல்லோரும் மூணுதரத்தைப் பார்த்தார்கள். அவருடைய பழைய வேலை எல்லோருக்கும் தெரியும்.

அவர் வயிற்றை இழுத்துக்கொண்டு கூப்பிட்டார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவது தரம் காற்றுதான் வந்தது.

அப்போது 'கீங் கீங்' என்று ஒரு சத்தம். தபால்காரரின் கைக்கடிகாரம். மணி பதினொன்று, அவருக்கு மாத்திரை நேரம். மாத்திரை டப்பா மனைவியின் பையில், ஆறாவது மாடியில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் உடம்பு விறைக்கத் தொடங்கியது. கதவுக்கு முன்னால் மரம் மாதிரி நின்றார். வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

டீச்சர் அசையாத முகத்தோடு சொன்னார்: "தனித்தனியா நம்ம குரல் பூஜ்யம். எட்டு பூஜ்யத்தைக் கூட்டினா பூஜ்யம்தான் வரணும். ஆனா செவ்வாய்க்கிழமை அப்படி வர்றதில்லையே?"

மூணுதரம் சட்டென்று நிமிர்ந்தார். "பாடுவோம்! மேஸ்திரி, கம்பியில தட்டுங்க!"

மேஸ்திரி கைத்தடியால் லிஃப்டின் கைப்பிடிக் கம்பியில் அடித்தார். டங்! டங்! மூணுதரம் விரலை உயர்த்தினார். மூச்சு. ஏழு பேர் ஒன்றாக எடுத்தார்கள். 'காலே காலே' அந்தப் பெட்டிக்குள் வெடித்தது. தபால்காரரின் உதடும் கூட வந்தது.

ஆறாவது மாடி அரங்குக்கு அந்தச் சத்தம் லிஃப்ட் ஏறி இறங்கும் இடைவெளி வழியாகப் போய்ச் சேர்ந்தது. "அதோ, வந்துட்டாங்க! பாடிக்கிட்டே வர்றாங்க!" என்றார் பாட்டு டாக்டர். எல்லோரும் கைதட்டிக்கொண்டே கதவைப் பார்த்தார்கள். பாட்டு முடிந்தது. ஆள் வரவில்லை. இன்னொரு தடவை தொடங்கியது. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

உள்ளே, துளைபோடும் இயந்திரம் ஒரு கணம் நின்றபோது, அந்தக் கைதட்டல் கேட்டது.

"தட்டறாங்கய்யா! நம்மளை ரசிச்சுக்கிட்டு இருக்காங்க!" என்றார் மேஸ்திரி. அழுவதா சிரிப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை.

"வரியை மாத்துங்க!" என்றார் மூணுதரம். நின்ற இடத்திலேயே ஒரு வரியை அவர் கட்டினார், அடுத்ததை டீச்சர் கட்டினார். ஒரு தடவை சொல்லிப் பார்த்து, மூச்சைப் பிடித்து, ஏழு பேரும் மேலே பார்த்து முழங்கினார்கள்:

"லிஃப்டு லிஃப்டு நின்னுபோச்சு,
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல!
மாத்திரை நேரம் தாண்டிப்போச்சு,
மாடியில யாரும் இல்லையா?"

அரங்கில் முதலில் சிரிப்பு எழுந்தது. புதுப் பாட்டு, நல்ல வேடிக்கைப் பாட்டு என்று நினைத்தார்கள். மூணுதரத்தின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது வர்ற சத்தம் இல்லைங்க. ஒரே இடத்துல நிக்கிற சத்தம்" என்றார். சொல்லிக்கொண்டே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். பின்னாலேயே தபால்காரரின் மனைவி, பாட்டு டாக்டர், மற்றவர்களின் வீட்டார், கடைசியில் அரங்கில் இருந்தவர்களில் நடக்க முடிந்த அத்தனை பேரும்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர் தரைத்தளத்திலிருந்து மூச்சிரைக்க வந்து சேரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் மேலே இயந்திர அறைக்குப் போய்க் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்கும்வரை உள்ளே பாட்டு ஓயவில்லை. கதவின் இந்தப் பக்கம், நாலாவது மாடியின் நடையில் கூடியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வரி இதற்குள் எல்லோருக்கும் பாடமாகியிருந்தது.

பழுது பார்ப்பவர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். லிஃப்டின் தளம் ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி. முன்னால் தபால்காரர். அவர் விலகினால்தான் மற்றவர்கள் வர முடியும். பழுது பார்ப்பவர் கையை நீட்டி "வாங்க சார், ஒரு காலை எடுத்து வைங்க" என்றார். தபால்காரரின் கண் அந்தக் கறுப்புக் கோட்டிலேயே நின்றது. கால் அசையவில்லை.

"இழுக்காதீங்க!" என்றார் மூணுதரம். பேச்சாக வந்த அந்தச் சத்தம் யாருக்கும் எட்டவில்லை. உடனே தபால்காரரின் தோள்மேல் கையை வைத்து, அவர் காதோரம் பாட ஆரம்பித்தார். மேஸ்திரி கம்பியில் தட்டினார். நடையில் இருந்தவர்களும் தரையில் காலைத் தட்டிக்கொண்டு சேர்ந்தார்கள். கைக்கோலோடு நின்ற ஒருவர், முந்தின வாரம்தான் நோய் தெரிந்தவர், எல்லோரையும்விட ஓங்கிப் பாடினார். 'நின்ன இடம் போதும் போதும்.' தபால்காரரின் தோள் முன்னும் பின்னும் ஆடியது. 'நீட்டி ஒண்ணு...' வலது கால் உயர்ந்தது. கோட்டைத் தாண்டியது. விழுந்தது, தரையில், உறுதியாக.

நடை முழுக்க ஒரே ஆரவாரம். தபால்காரரின் மனைவி மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டுக் கணவரின் சட்டை நனைய அழுதார். பின்னாலேயே மற்றவர்கள் தாளம் தவறாமல் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மூணுதரம் கடைசி ஆளாக வந்தார். மனைவி அவருடைய காலரைச் சரிசெய்வதுபோல் பிடித்துக்கொண்டார். பிடித்த கை நடுங்கியது.

"இப்ப உனக்கும் நடுங்குது" என்றார் அவர்.

"பேசாதீங்க. ஒண்ணும் கேக்கல. பாட்டா இருந்தா பாடுங்க."

யாரும் ஆறாவது மாடிக்கு ஏறவில்லை. தபால்காரருக்கு ஒரு நாற்காலியும் மற்றவர்களுக்குப் படிக்கட்டுமாக அங்கேயே கச்சேரி நடந்தது. மூன்று பாட்டு என்று சொன்னது ஒன்பதாயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டு நாற்காலி வட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்து நின்றார்கள். சைக்கிள் இயந்திரத்தின் மேல்கூட ஒருவர் உட்கார்ந்தார். மூணுதரத்தின் மனைவியும் இனி வெளியே காத்திருக்க முடியாது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டார். அவருக்குச் சுருதி சேரவே இல்லை என்பதும், அதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தன. மூணுதரத்துக்கு மாத்திரையின் அளவு கூடியது. இப்போது இடது கையும் நடுங்குகிறது. சில காலைகளில் குரல் எழுந்திருப்பதே இல்லை. இருந்தாலும் மகள் போன் செய்தால் அவர் வாங்கிக்கொள்கிறார். பேச்சு எடுபடாவிட்டால் பாட்டில் இழுத்து "சாப்பிட்டியாம்மா" என்கிறார், மகளும் அதே ராகத்தில் பதில் சொல்கிறாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பாட்டு டாக்டர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. ஏதோ கெட்ட செய்தி என்று எல்லோரும் அடங்கினார்கள். அவர் படித்தார்:

"பக்கத்து அறையில் காதுப் பரிசோதனை நடைபெறுவதால், தங்கள் குழுவினர் சத்தத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்."

"என்னது? சத்தத்தை என்ன செய்யணுமாம்?" என்றார் தபால்காரர்.

"குறைக்கணுமாம்!"

"நாமளா?"

"நாமதான்!"

அறை அதிர்ந்தது. மேஸ்திரி கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும், ஆணி அடிக்கும் வேலை தன்னுடையது என்றார். டீச்சரின் முகத்தில், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வாயின் ஒரு ஓரம் மேலே போனது. அதை எல்லோரும் பார்த்தார்கள். மூணுதரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதுப் பரிசோதனைக்காரர்களும் பாவம்தானே என்று சொல்லி ஜன்னல்களைச் சாத்தப் போனார். ஒவ்வொன்றாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டு டாக்டர் கையை உயர்த்தினார். இருபத்திரண்டு நெஞ்சும் மூச்சை இழுத்தன. முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆட ஆரம்பித்தன.